பதினான்காம் கேள்வி

"இந்த வீட்டுல ஒரு கேஸ்காரி இருக்கான்னு நீயே ஊரெல்லாம் தண்டோரா போடப் போறியா?"

கேப்டன் விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேசைமேல் விசிறியடித்தார். அது வழுக்கிக்கொண்டு போய் மகளின் தட்டில் இடித்து நின்றது. அவர் விமானி சீருடை போட்டாயிற்று, தொப்பிதான் பாக்கி. விமான நிலையத்துக்கு அழைத்துப் போகும் கார் வாசலில் காத்திருந்தது.

சமையலறை வாசலில் கரண்டியும் கையுமாக நின்ற அம்மாவுக்கு யார் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை.

விமானிப் பயிற்சிக்கான விண்ணப்பம் அது. 'எப்போதாவது நீதிமன்றத்தில் தண்டனை பெற்றதுண்டா?' என்ற பதினான்காம் கேள்விக்கு, மகள் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தாள்.

"கேஸ் முடிஞ்சு ஆறு வருஷமாச்சு. அபராதமும் கட்டியாச்சு. எவன் போய்த் தோண்டப் போறான்? இல்லைன்னு மாத்திப் போடு."

"முடியாதுப்பா."

"ரொம்ப யோக்கியம்! காரையே ஒழுங்கா ஓட்டத் தெரியாதவகிட்ட எவன்டி விமானத்தைக் குடுப்பான்? முதல் நாளே கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிடுவான்."

மகள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

அம்மாவுக்கு அந்த விபத்து நினைவுக்கு வந்தது. கேப்டனின் நண்பர் ஒருவர் ஓய்வு பெற்ற அன்று, அப்பாவும் மகளும் மதிய விருந்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நடந்தது அது. லைசென்ஸ்கூட இல்லாத பதினெட்டு வயதுப் பெண் காரை ஓட்டி, சைக்கிளில் வந்த தையல்காரரின் காலை ஒடித்துவிட்டாள் என்பது வழக்கு.

அதன் பிறகு ஒரு வருஷம் அம்மா மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கார் சாவி இன்றுவரை அம்மாவின் பீரோவில்தான் இருக்கிறது. மனிதர் மட்டும் பெண்ணை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த வேதனையிலேயே குடியை அடியோடு விட்டார். இப்போது அவர் இப்படிக் குதிப்பதுதான் அம்மாவுக்குப் புதிதாக இருந்தது.

"அப்பா அனுபவத்துல சொல்றார், கேட்டுக்கோயேன்டி" என்றாள். "அந்த மனுஷன் காலை ஒடிச்சது போதாதா? உன் வாழ்க்கையையும் ஏன் நீயே கெடுத்துக்கறே?"

"கேட்டியா? உன்னைப் பெத்தவளே சொல்றா!" கேப்டன் பேனாவை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "அடிச்சுட்டு எழுது. இல்லேன்னா இன்னியோட இந்த வீட்டுல உனக்கு இடமில்லை."

"பின்னாடி ஒரு தாள் இணைச்சிருக்கேன்" என்றாள் மகள். "விவரம் எழுதணும்னு போட்டிருக்கு. முதல்ல அதைப் படிங்க. அப்புறம் வெளியே தள்ளுங்க."

கேப்டன் வெடுக்கென்று தாளைப் புரட்டினார். நாலைந்து வரி படித்திருப்பார். நாற்காலியைத் துழாவிப் பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் கார்க்காரர் ஹாரன் அடித்தார். கேப்டன் அசையவில்லை.

"இதை அனுப்பாதேம்மா" என்றார். ஒரு நிமிஷத்துக்கு முன் வீட்டையே அதிர வைத்த குரல் அது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பெற்ற தகப்பனை இப்படிக் கெஞ்ச வைக்கிறாளே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பாவி! அப்படி என்னத்தைடி எழுதித் தொலைச்சே?"

மகள் அப்பாவின் விரல்களிலிருந்து தாளை மெல்ல உருவிக்கொண்டாள்.

"நான் செஞ்ச தப்பை மட்டும்தாம்மா எழுதியிருக்கேன். அப்பா ஓட்டின வண்டியை நான் ஓட்டினேன்னு போலீஸ்ல சொன்னதை."