தலைப்பு வராத திரை

"ஒரு தலைப்பை வரவைக்க மூணு மாசமா லா? இதுக்கு எதுக்கு உங்களுக்கு இருபது வருஷ அனுபவம்?"

பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார் முதலாளி சிவநேசன்.

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன் பாஸ்" என்று முனகினார் சீனியர் புரோகிராமர் ஜெயராஜ். மதுமிதாவுக்கு எரிச்சலாக வந்தது. மனுஷனுக்குக் கொஞ்சமாவது ரோஷம் வேண்டாமா?

விஷயம் இதுதான். கிள்ளானில் ஒரு கிளினிக். காத்திருப்பவர்களின் பெயர்கள் ஹால் திரையில் வரும். அந்தப் பெயர் லிஸ்டோடு எந்தப் பிரிவு என்ற தலைப்பும் ஒட்டியிருந்தது. ஆனால் திரைக்கு அனுப்ப JSON என்ற கணினி வடிவத்துக்கு மாற்றினால் பெயர்கள் மட்டும் போகும், தலைப்பு உதிர்ந்துவிடும்.

"நான் பார்க்கட்டுமா பாஸ்?" என்றாள் மதுமிதா. சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

அரை நாள்கூட ஆகவில்லை. தலைப்பைத் தனியாக, லிஸ்ட்டைத் தனியாக வைத்து, இரண்டையும் ஒரே உறைக்குள் போட்டு அனுப்பினாள். 'பிரிவு ஒன்று' என்று சோதித்தாள். ஒன்றும் தொலையவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெயராஜை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை மதுமிதா கிளினிக்குக்கு நேரில் போனாள். ஹால் நிறையக் கூட்டம். திரையில் பெரிய எழுத்தில் 'மனநலப் பிரிவு' என்று வந்தது. கீழே முதல் பெயர், லோகேஸ்வரி.

"ஐயோ, நம்ம லோகாவா? அதுக்கு மண்டையில கோளாறா?" என்றாள் ஒரு ஆன்டி, பக்கத்திலிருந்தவளிடம். மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைப்பு.

சூப்பர்மார்க்கெட் யூனிஃபார்மில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். திரையைப் பார்த்தாள். தன்னையே பார்க்கும் முகங்களைப் பார்த்தாள். விறுவிறுவென்று வெளியே நடந்துவிட்டாள்.

"அக்கா, மருந்து!" என்று பின்னாலேயே ஓடிய நர்ஸ் மருந்துப் பையோடு தனியாகத் திரும்பி வந்தாள்.

"ஒரு நாள் தவறினதில்ல. இனிமே அந்த அக்கா வராது" என்றாள்.

மதுமிதா வாசலுக்குப் போய் ஜெயராஜைப் போனில் பிடித்தாள்.

"ஏன் அண்ணே சொல்லல?" என்றாள்.

"பாஸ்கிட்ட நாலு தடவை சொன்னேம்மா, தலைப்பு வேணாம்னு. கிளினிக் கேட்குது, போடுன்னுட்டாரு. அதான் தெரிஞ்சே தப்பா விட்டு வச்சேன்."

ஜெயராஜே தொடர்ந்தார்.

"தப்பா இருந்த வரைக்கும், அவமானம் என் ஒருத்தனுக்குத்தான்."