ஈரக் கரண்டி

உப்பு ஜாடிக்குள் ஒரு நாள் ஈரக் கரண்டி சொட்டச் சொட்ட வந்து விழுந்தது. உப்புக்கு உடம்பெல்லாம் நமநமத்தது. ஆனாலும், "பரவாயில்லை, வா" என்றது. அதன்பிறகு கரண்டி தினமும் அப்படியேதான் வந்தது.

பக்கத்து டப்பாவிலிருந்து மிளகாய்த்தூள் எட்டிப் பார்த்தது. "அடியே, நீ கரைஞ்சுகிட்டே வர்றே. பாதி ஜாடி தண்ணி!"

"உன் நெடியைப் பொறுத்துக்கிட்டதாலதானே நாம சிநேகிதிங்களானோம்? அவளையும் பொறுத்துக்கிட்டா என்ன?"

"அது தும்மலோட போச்சே…" என்று மிளகாய்த்தூள் முணுமுணுத்தது.

மறுநாள் கரண்டி ஜாடிக்குள் இறங்கியதும் முகம் சுளித்தது. "சீ, என்ன இது, ஒரே சொதசொதப்பு!" என்று சொல்லிவிட்டு, மிளகாய்த்தூளின் டப்பாவுக்குப் போய்விட்டது.

உப்பு குழம்பிப்போயிற்று. கரண்டி அங்கிருந்தும் கிளம்பிய பிறகு மிளகாய்த்தூளிடம் மெதுவாகக் கேட்டது: "உன்கிட்டயும் ஈரமாத்தான் வந்தாளா?"

"ஆமா. துடைச்சுகிட்டு வாடின்னேன்."

"ஐயோ! கோவிச்சுக்கிட்டாளா?"

"இல்லையே. துடைச்சுகிட்டு வந்தா."

மிச்சமிருந்த உப்பு, ஜாடியில் தேங்கிக் கிடந்த தண்ணீரைக் குனிந்து பார்த்தது.

"அவ்வளவுதானா?" என்றது.