ஐம்பது நிமிடத் தூரம்

விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றிவரும் பட்டையின் ஓரத்தில் நின்றுகொண்டு, சர்வேயர் கைப்பேசியில் சம்பந்தியின் எண்ணை அழுத்தினார்.

எதிரி ஊரில்தான் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ளத்தான்.

பேத்தி பிறந்ததிலிருந்து, பெயர் வைப்பதில் இரண்டு தாத்தாக்களும் சட்டையைப் பிடித்துக்கொள்ளாத குறை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மாப்பிள்ளை, யார் முதலில் வந்து குழந்தையைத் தூக்குகிறார்களோ அவர்கள் வைப்பதுதான் பெயர் என்று சொல்லிவிட்டார்.

தாத்தாக்கள் இருவருக்கும் ஒரே ஊர். அங்கிருந்து பேத்தியின் ஊருக்கு விமானத்தில் ஐம்பது நிமிடம். ஏறி உட்கார்ந்து நாலு கொட்டாவி விட்டால் இறங்கிவிடலாம்.

ஆனால் ஓய்வு பெறும்வரை சாண் நிலம் பிசகாமல் அளந்து கொடுத்த மனுஷர், சம்பந்தியிடம் அந்த ஆகாயத்தை மட்டும் ரப்பராக இழுத்துவிட்டார். நடுவில் இரண்டு விமானம் மாறவேண்டும். முகம் மழித்துக்கொண்டு ஏறினால் தாடியோடுதான் இறங்கலாம். முழங்கால் பூசணிக்காயாகிவிடும்.

சம்பந்தியும் லேசுப்பட்டவர் இல்லை. இறங்கியபின் ஊருக்குள் போய்ச் சேர இன்னொரு பகல் ஆகுமாமே என்று தன் பங்குக்கு நீட்டினார்.

இந்த வயதில் நமக்கு எதற்கு அலைச்சல், அடுத்த மாதம் சேர்ந்தே போகலாம் என்று இருவரும் கைகுலுக்கிப் பிரிந்தார்கள்.

மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்தது சர்வேயருக்கு வசதியாகப் போயிற்று. வரும் விஷயத்தை மகளிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். குல்லாவை மூக்குவரை இழுத்துவிட்டுக் கடைசி ஆளாக விமானம் ஏறி, முன்வரிசையில் பதுங்கினார். பின்னால் திரும்பியே பார்க்கவில்லை.

பார்த்திருக்கலாம்.

மணி அடித்தது. கைப்பேசிக்குள் மட்டுமல்ல, பட்டைக்கு அந்தப் பக்கமும்.

சம்பந்தி நின்றிருந்தார். அவர் தலையிலும் ஒரு குல்லா.

நான்கு கண்களும் சந்தித்தன. ஆனால் சம்பந்தியின் முகத்துக்கு நேரே ‘பொய் சொல்கிறீர்’ என்று சொல்ல எந்தச் சம்பந்திக்கு வாய் வரும்? அவர் இவரையே பார்த்தபடி கைப்பேசியைக் காதில் வைத்தார்.

“வீட்லதாங்க இருக்கேன் சம்பந்தி. அவளும் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா, பொழுதே போகல. நீங்க?”

“நானும் வீட்லதாங்க. முழங்கால்தான் லேசா வீங்கியிருக்கு.”

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே, பெட்டியைக்கூட எடுக்காமல் இருவரும் வாசலைப் பார்த்து ஓட்டம் பிடித்தார்கள். கதவில் இருவரின் தொப்பையும் ஒன்றாகச் சிக்கி, ஒன்றாக விடுபட்டன.

வெளியே மகளையும் காணோம், மாப்பிள்ளையையும் காணோம்.

தங்கை வீட்டுக்குப் போயிருந்த இரண்டு மனைவிகளும் அங்கே தோளோடு தோள் நின்றிருந்தார்கள். வருகிற பயணிகளுக்குப் பிடிப்பார்களே, அதுபோல ஓர் அட்டை கையில்.

அட்டையில் கொட்டை எழுத்தில் ஒரு பெண் குழந்தையின் பெயர். தாத்தாக்கள் இருவருமே யோசித்துப் பார்த்திராத பெயர்.

அதற்குக் கீழே, பொடி எழுத்தில்: ‘அவளுடைய தாத்தாக்கள்.’