பத்துக்குப் பத்து

பொன்மணி கதவைப் பாதிதான் திறந்தாள்.

வெளியே நின்றவன் செருப்பில் அப்பியிருந்த கரிசல் மண்ணைப் படியோரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான். தோளில் லேப்டாப் பை.

"கோவில்பட்டியில இருந்து வாரேங்க்கா. பேரு மாயகிருஷ்ணன். பழைய பாட்டெல்லாம் ஹார்டு டிஸ்க்ல போட்டு விக்கேன். வேல்சாமி அண்ணாச்சிக்குப் பாட்டுன்னா உசுராமே?"

"அவிய இப்ப யாரையும் பாக்கிறதில்ல. ஸ்பீக்கர் போட்டே மூணு மாசமாச்சு. போயிட்டு வாங்க."

வேல்சாமி முப்பது ஏக்கர் மக்காச்சோளக்காரர். ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டு வைத்திருந்தார். காதுக்குத் தெரியாது என்று சில ஒலிகளை வெட்டிவிட்டுச் சுருக்குவது எம்பி3, எதையும் விடாமல் அப்படியே வைத்திருப்பது லாஸ்லெஸ். வெட்டியது எந்த இடம் என்று தன் காதுக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. கழுகுமலை ரோட்டு டீக்கடையில் இதற்காகச் சண்டையே போட்டிருக்கிறார்.

மாயகிருஷ்ணன் நகரவில்லை. வீட்டுக்குள் கேட்கும்படி குரலை உயர்த்தினான்.

"லாஸ்லெஸ்ங்கிறதெல்லாம் சும்மா பேச்சுக்கா. நல்ல 320 தரத்து எம்பி3-க்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. கண்டுபிடிக்கிற காது இந்த ஜில்லாவிலயே இல்ல!"

உள்ளே நாற்காலி தள்ளப்படும் சத்தம்.

"எவம்வே அது?"

கழுத்தில் ஹெட்போனோடு வந்து நின்றார் வேல்சாமி.

பொன்மணி பதறிவிட்டாள். "ஏங்க, உள்ள போங்க! உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?"

"நீ சும்மா இரு. ஜில்லாவிலயே காது இல்லேங்கான். கேட்டுக்கிட்டு நிக்கச் சொல்லுதியா?"

மாயகிருஷ்ணன் கும்பிட்டான். "கோவிக்காதீங்க அண்ணாச்சி. ஒரே பாட்ட ரெண்டு விதமாவும் வச்சிருக்கேன். பத்துத் தடவ போடுதேன். பத்தும் சரியாச் சொல்லிட்டா டிஸ்க்கு உங்களுக்கு, சும்மாவே."

"வாரும்வே உள்ள."

ஜன்னல்களைச் சாத்தினார்கள். வேல்சாமி லேப்டாப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ம்... வீணை தந்தி அதிருறது கடைசி வரைக்கும் கேக்குதுல்லா? லாஸ்லெஸ்."

அடுத்தது.

"தகரத்தத் தட்டுன மாதிரி இருக்கு. எம்பி3. எடும்வே!"

பொன்மணி மாயகிருஷ்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரையைப் பார்க்கக்கூட இல்லை. அவர் வாயைத் திறந்ததும் காகிதத்தில் டிக் விழுந்தது.

"பத்துக்குப் பத்து!" மாயகிருஷ்ணன் எழுந்தே விட்டான். "இப்படி ஒரு காத நான் பாத்ததில்ல அண்ணாச்சி!"

டிஸ்க்கை மேஜைமேல் வைத்தான். காகிதத்தைப் பேனாவோடு நீட்டினான். "ஒரே ஒரு கையெழுத்து."

"கையெழுத்து எதுக்கு?" பொன்மணி காகிதத்தைப் பறித்து இரண்டு முறை படித்தாள். நிலம், கடன், ஜாமீன் என்று எதுவும் இல்லை. இன்ன தேதி, காலை பதினோரு மணிக்கு, என் வீட்டில் பத்து முறை பாட்டுக் கேட்டு, எது எந்த வகை என்று நானே சொன்னேன். அவ்வளவுதான்.

"இத யாருகிட்டயும் காட்டக் கூடாது."

"எங்க ஆபீசத் தவிர யாரு கண்ணுலயும் படாதுக்கா."

வேல்சாமி பக்கத்தை அடைத்துக் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

ரோட்டோரம் வேப்பமரத்தடியில் மாயகிருஷ்ணனின் ஸ்கூட்டர் நின்றது. இருக்கைமேல் லேப்டாப்பை விரித்து, உண்மையான விடைகளை அப்போதுதான் ஒப்பிட்டுப் பார்த்தான். பத்தில் ஐந்து சரி. காசைச் சுண்டிவிட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

ஐந்து போதும் என்று சிரித்துக்கொண்டான். ஒன்றுகூடச் சரியாக இல்லாவிட்டாலும் போதும்தான்.

பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தான்.

கோயில் கொடைத் திருவிழாவில் பக்கத்தில் வேட்டு வெடித்து, இரண்டு காதும் அடியோடு கேட்காமல் போய்விட்டதாக வேல்சாமி இழப்பீடு கேட்டு எழுதியிருந்த விண்ணப்பத்தோடு அந்தக் காகிதத்தைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தார், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் விசாரணை அதிகாரி மாயகிருஷ்ணன்.