முப்பது குறிகள்

நார்வேயிலிருந்து செவ்வாய்தோறும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையச் சரக்குக் கிடங்குக்கு ஒரு மரப்பெட்டி வரும். உள்ளே இருக்கும் இயந்திரப் பாகங்களை எடுத்துக்கொண்டு பெட்டியைக் காலியாகத் திருப்பி அனுப்புவார்கள். அதன் மூடியில் யாரோ கத்தியால் நேர்கோடுகளாகச் செதுக்கியிருப்பதை அங்கே வேலை செய்யும் யதீசன் வாராவாரம் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டான். மனைவி ஆரணி இறந்ததிலிருந்து மாலைகளில் அவனுக்கு வேறு வேலை இல்லை.

கூட வேலை செய்யும் ஃபாரூக் போனில் தேடிப் பார்த்தான்.

"இது ரூன் எழுத்துண்ணே. அந்தக் காலத்துல ஐரோப்பால மரத்துல வெட்டுவாங்க. ஆனா அதுல இருபத்துநாலுதான் லா. உங்க நோட்டுல முப்பது இருக்கு."

உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு. தோ பாயோவில் இருக்கும் தன் வீட்டில் உட்கார்ந்து யதீசன் அந்தக் குறிகளைத் தமிழ் எழுத்துகளாக வைத்துப் பார்த்தான். மூன்றாம் நாள் முதல் வரி பிடிபட்டது.

"தேக்கா மார்க்கெட்டுல முருங்கைக்கா வாங்கினா முத்தலா வாங்காதீங்க."

மற்ற வரிகளும் ஆரணி தினமும் சொல்வதைப் போலத்தான் இருந்தன. குடை எடுத்தீங்களா. மாத்திரை போட்டீங்களா.

அடுத்த காலிப் பெட்டியின் மூடியில் அவனும் அதே கோடுகளால் செதுக்கினான்: "எப்ப வருவே?"

இரண்டு செவ்வாய் கழித்து அதே பெட்டி வந்தது. மூடியில் எழுத்தே இல்லை, புதுப் பலகை. எடை மட்டும் காகிதத்தில் இருந்ததைவிட நாற்பத்தெட்டு கிலோ கூடுதல். ஆஸ்பத்திரியில் கடைசியாக எடை பார்த்தபோது ஆரணி நாற்பத்தெட்டு கிலோ.

"திறக்கட்டாண்ணே?" என்றான் ஃபாரூக்.

"கொஞ்சம் இரு."

யதீசன் சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டு, தலையை வாரிக்கொண்டான்.