தாமரைக் குளம்

வேலை கேட்டு வந்த இருவரில் ஒருவன் இங்கே கணக்கு எழுதும் உதவி கிராணி ஆகலாம். மற்றவன் சயாமுக்குப் போய்த் தண்டவாளம் போட வேண்டும். போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பெரிய கிராணி வேலப்பனிடம் விட்டுவிட்டான் ஜப்பானிய அதிகாரி. மலாயாவின் ரிங்லெட் தேயிலைத் தோட்டத்தில் பெயருக்குப் பின்னால் மெட்ராஸ் பி.ஏ. போட்டுக்கொள்பவர் அவர் ஒருவர்தான்.

வந்த இருவருமே மெட்ராஸ் பி.ஏ.வாம். வேலப்பனைச் சந்தேகம் அரித்தது.

"கல்கத்தா, மெட்ராஸ்... எதுலய்யா பரீட்சை கஷ்டம்?"

"மெட்ராஸ்தாங்கய்யா! பாஸ் பண்றதுக்குள்ள உசுரு போயிடும்" என்றான் ஷஹாபுதீன்.

"கணக்குக்கு கல்கத்தா, இங்கிலீஷுக்கு மெட்ராஸ். பொத்தாம் பொதுவா எப்படிங்க சொல்றது?" என்றான் ஞானமுத்து.

வேலப்பன் கண்ணை இடுக்கினார். "மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்குள்ள தாமரைக் குளம் இருக்குமே, இப்பவும் தண்ணி நிக்குதா?"

ஞானமுத்து விழித்தான். "குளமா? அங்க குளமே கெடையாதுங்களே!"

"நான் படிச்சதே அந்தக் கரையில உக்காந்துதாங்கய்யா!" என்றான் ஷஹாபுதீன்.

"இவன் பித்தலாட்டக்காரன்" என்று அதிகாரியிடம் ஞானமுத்துவைக் காட்டினார் வேலப்பன்.

ஞானமுத்துவை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அந்தக் குளமே அவர் வாயால் வெட்டியது. நிஜமாகப் படித்தவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால், மெட்ராஸையே பார்க்காத வேலப்பனுடைய பி.ஏ. எத்தனை நாள் தாங்கும்?