முதல் மாத்திரை

"அப்படி என்னத்தைக் கிழிச்சுது உன் மாத்திரை?"

வெளியூர் வேலையை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தான் அந்த லிஃப்ட் மெக்கானிக். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

மனைவி சற்று முன்புதான் மகளை ஸ்கூல் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, அவள் இறைத்துவிட்டுப் போன பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் வாலு. எட்டு வயதுக்குள் அவள் ஏறாத ஜன்னல் இல்லை. துறுதுறுப்பு அடங்க டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகும், அவளை ஓர் இடத்தில் உட்காரவைக்க டீச்சர் படும் பாடு சொல்லி மாளாது.

"நானும் சின்ன வயசுல அப்படித்தான். எதையாவது கழட்டிப் போட்டுக்கிட்டே இருப்பேன். இப்ப அதுதான் சோறு போடுது. அதுக்குப் போய் மாத்திரையா?"

"உங்களுக்கென்ன, பேசிட்டுப் போயிடுவீங்க. 'நான் கெட்ட பொண்ணாம்மா'ன்னு எங்கிட்டதான் கேக்கறா. யாரும் அவளை விளையாட்டுல சேத்துக்கறதில்லை. மாத்திரையும் கைவிட்டா நான் எங்கே போவேன்?"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வெடித்துவிட்டது. அவனுக்குப் பாவமாகிவிட்டது. இத்தனை நாள் பூட்டி வைத்திருந்ததைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தான்.

"அழாதே. மாத்திரை மேல தப்பில்லை. ஒவ்வொரு டப்பா வரும்போதும் அதைக் கொட்டிட்டு, பார்க்க அதே மாதிரி இருக்கற சத்து மாத்திரையைப் போட்டு வச்சிடுவேன். வாலு நிஜ மாத்திரை ஒன்னுகூட முழுங்கினதில்லை."

வீடு இரண்டுபடும் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. கையிலிருந்த பென்சில்கள் கீழே உருண்டன.

"முதல் டப்பாவுல இருந்தா?"

"ஆமா. பிள்ளை உடம்புல கண்ட மருந்தும் ஏறக் கூடாதுன்னுதான்."

"குறைஞ்ச பவர்லதான் ஆரம்பிக்கணும், உடம்பு பழகப் பழக ஏத்தணும், எடுத்த எடுப்புல பெரிசு கொடுத்தா நெஞ்சுக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் போய், ஒரு மாற்றமும் இல்லைன்னு சொன்னேன். அவரும் ஏத்திக்கிட்டே போனார்."

"ஏத்தினா ஏத்தட்டும். அதான் எல்லாம் சத்து மாத்திரைன்னு சொல்றேனே."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட நம்பரைத் தேடிக்கொண்டே சொன்னாள்.

"நேத்து நீங்க ஊர்ல இல்லாதப்ப டப்பா காலியாயிடுச்சு. இருக்கறதிலேயே பெரிய பவர்ல புதுசு வாங்கினேன். இன்னைக்குக் காலையில அதைக் கொடுத்துத்தான் அவளை வேன்ல ஏத்திவிட்டேன்."